வேதாகமத்து இராட்சதரும் பெத்லகேம் முனிவரும்



ஆதியாகமத்தின் ஆறாம் அதிகாரத்தை வீட்டில் வாசிக்கும்போது பிள்ளைகள் இடைமறித்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெருவெள்ளத்துக்கு முன்னர் பூமியில் இராட்சதர் இருந்தார்கள் என்று வேதாகமம் சொல்லுகிறதே, அது உண்மையா? அவர்கள் எவ்வளவு உயரம்? பின்னர் எங்கே போனார்கள்? கேட்கும் பிள்ளையின் மனக்கண் முன் நிற்பவன் கும்பகர்ணனைப் போன்ற ஒருவன். இராட்சதர் என்னும் சொல்லைத் தமிழில் நாம் கேட்டு வளர்ந்த விதம் அப்படி. பெற்றோர் சிலர் பதில் சொல்ல வகையறியாது பேச்சை மாற்றிவிடுகின்றனர். வேறு சிலர், வேதத்தில் உள்ளதைக் கேள்வி கேட்கலாகாது என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றனர்.

பிள்ளை கேட்பது நல்ல கேள்வி. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதை நேருக்கு நேர் சந்தித்தவர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுதோறும் செப்ரெம்பர் 30ஆம் திகதி திருச்சபை நினைவுகூரும் புனித ஜெரோமே அவர். நம் முதியோர் அவரை எரோணிமுஸ் என்றும் அழைப்பர். பிள்ளையின் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்வைச் சற்றுப் பார்ப்போம்.

காய்ச்சலில் கண்ட கனவு

தல்மாத்தியா, பன்னோனியா என்னும் இரு உரோம மாகாணங்களின் எல்லையில் இருந்தது ஸ்திரீதோன் என்ற சிற்றூர். அங்கே, கி.பி. 347ஆம் ஆண்டளவில், வசதியுள்ள ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜெரோம் பிறந்தார். பெற்றோர் அவரை உயர்கல்விக்காக உரோமாபுரிக்கு அனுப்பினர். இலக்கண ஆசிரியராகப் புகழ்பெற்ற தொனாத்துஸிடம் கற்று, இலத்தீன் இலக்கியத்தில் ஊறினார். அந்நகரிலேயே ஞானஸ்நானமும் பெற்றார்.

பின்னர் துறவற வாழ்வில் நாட்டங்கொண்டு கீழைத்தேசம் நோக்கிப் பயணமானவர், அந்தியோக்கியாவில் கடும் காய்ச்சலில் வீழ்ந்தார். அப்போது ஒரு கனவு. நீதியாசனத்தின் முன் நிறுத்தப்பட்டு, நீ யார் என்று வினவப்படுகிறார். கிறிஸ்தவன் என்கிறார். அது பொய், நீ சிசெரோவின் சீடன் என்று தீர்ப்பு வருகிறது. புறச்சமய இலக்கியத்தின் இனிமையில் மயங்கி, வேதாகமத்தின் நடை கரடுமுரடானது என்று ஒதுக்கியிருந்த அந்த இளைஞருக்கு அக்கனவு சாட்டையடியாக அமைந்தது.

அதன்பின் கல்கிஸ் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்தார். உடலை நோன்பால் வாட்டியும் மனம் உரோமாபுரியின் கேளிக்கைகளையே சுற்றிவந்தது. அலையும் மனதைக் கட்டுவதற்கு அவர் தேடிய மருந்து வியப்பானது. கிறிஸ்தவராகியிருந்த யூதர் ஒருவரை அணுகி, எபிரேய மொழியின் அரிச்சுவடியைப் படிக்கத் தொடங்கினார். சிசெரோவின் நடையைச் சுவைத்த நாவுக்குத் தொண்டையில் பிறக்கும் எபிரேய ஒலிகள் பெரும் வேதனையாயின. பலமுறை கைவிட்டார்; பலமுறை மீண்டும் தொடங்கினார். அந்தக் கசப்பான விதையிலிருந்து இனிய கனி பறித்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தார்.

இரவில் வந்த ஆசிரியர்

அந்தியோக்கியாவில் குருப்பட்டம் பெற்ற ஜெரோம், 382இல் உரோமாபுரிக்குத் திரும்பினார். பாப்பரசர் தமாசுஸ் அவரைத் தம் செயலாளராக்கி, ஒன்றுக்கொன்று முரண்பட்டுக் கிடந்த இலத்தீன் நற்செய்திப் படிகளைச் சீர்செய்யும் பணியை ஒப்படைத்தார். பவுலா என்னும் செல்வ விதவையும் அவருடைய மகள் யூஸ்தோக்கியமும் ஜெரோமிடம் வேதாகமம் கற்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர்கள். அவருடைய கூரிய நாவு நண்பர்களைப் போலவே பகைவர்களையும் தேடித் தந்தது. 384இல் பாப்பரசர் மரிக்கவே, அடுத்த ஆண்டு அவர் உரோமாபுரியை விட்டு நீங்கினார். 386இல் பெத்லகேமில் குடியேறினார். பவுலா தம் செல்வத்தைக் கொண்டு அங்கே துறவு மடங்களைக் கட்டினார். தாயும் மகளும் எபிரேயமும் கற்று, சங்கீதங்களை அம்மொழியிலேயே பாடுமளவுக்குத் தேர்ச்சி பெற்றனர் என்பதை நம் பெண்மக்கள் கவனிக்க வேண்டும்.

பெத்லகேமில் ஜெரோமுக்குப் பரனீனா என்ற யூத ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். தம் இனத்தார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி அவர் இரவிலேயே வந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். ஜெரோமும் தாராளமாக ஊதியம் கொடுத்தார். யூதரிடம் பாடம் கேட்கிறான் என்று கிறிஸ்தவர் சிலர் ஜெரோமைப் பழித்தனர். இரு பக்கத்துப் பழிக்கும் நடுவே, விளக்கொளியில், அந்த இருவரும் சொற்களை ஆராய்ந்தார்கள்.

அது எளிய வேலையன்று. அந்நாளில் எபிரேயத்தில் மெய்யெழுத்துக்களை மட்டுமே எழுதுவர். உயிரொலியைப் படிப்பவரே அறிந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிரொலிக் குறிகள் ஜெரோமுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்தே இடப்பட்டன. நம் முன்னோரின் ஏட்டுச் சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் எழுத்தில் தெளிவான வேறுபாடு வகுத்தவர் வீரமாமுனிவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏடு படிக்கும் புலவன் இடம்நோக்கிப் பொருள் கொண்டது போலவே, எபிரேயம் படிப்பவனும் செய்ய வேண்டியிருந்தது.

ஒரே சொல்லில் அடைபட்ட பலர்

இனி இராட்சதரிடம் வருவோம்.

கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே யூத அறிஞர்கள் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தனர். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பது அதுவே. எபிரேயத்தில் 'நெபிலிம்' என்று ஒரு சொல். 'கிப்போரிம்' என்று ஒரு சொல். 'ரெபாயிம்' என்று வேறொரு சொல். முதலாவது, விழுதல் என்ற வினையோடு ஒலியால் நெருங்கியது. இரண்டாவது, வலிமைமிக்க வீரர் என்று பொருள்படுவது. மூன்றாவது, பழங்கால மக்களினம் ஒன்றின் பெயராகவும், சில இடங்களில் பாதாளத்தில் நிழல்போல் கிடக்கும் இறந்தோரின் பெயராகவும் வருவது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இம்மூன்றையும் பல இடங்களில் 'கிகாந்தெஸ்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டனர். அச்சொல்லோ கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது. பூமியின் வயிற்றில் பிறந்து தெய்வங்களோடு போர் தொடுத்த பேருருவினரை அது குறிக்கும். தமிழில் இராட்சதர் என்றதும் இலங்காபுரி அரக்கர் நம் நினைவில் எழுவது போலவே, கிரேக்கருக்கு அப்பேருருவினர் நினைவில் எழுந்தார்கள். இவ்வாறு மூலத்தில் வேறுவேறாக நின்றவர்கள், மொழிபெயர்ப்பில் ஒரே குலத்தவர் ஆயினர்.

ஜெரோம் இதைக் கண்டுகொண்டார். ஆதியாகமத்தின் எபிரேயச் சொற்களை ஆராய்ந்து 390ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய நூலில், நெபிலிம் என்பதை விழுபவர் என்று விளக்கினார். சிம்மாக்குஸ் என்ற முந்திய மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் வன்முறையாளர் என்று எழுதியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். பார்த்தீர்களா, வாசகர்களே! உயரத்தைப் பற்றி இச்சொல் எதுவும் சொல்லவில்லை. ஆதியாகமம் அவ்விடத்தில் முழக்கோலை எடுக்கவேயில்லை. மனிதரின் அக்கிரமம் பெருகியதைத்தான் அது அடுத்த வசனத்தில் பேசுகிறது.

நெம்ரோத்தின் கதையும் இதற்குச் சான்று. கிரேக்கத்தில் அவன் இராட்சதன். எபிரேயத்தில் அவன் 'கிப்போர்', அதாவது வலிமைமிக்கவன். ஜெரோம் தம் மொழிபெயர்ப்பில் அவனைப் பலசாலியான வேட்டைக்காரனாகவே எழுதினார். அதே காலத்தில் கிரேக்கத்தை ஒட்டிய படியையே பின்பற்றிய புனித அகுஸ்தீனார், நெம்ரோத்தை இராட்சதன் என்றே கொண்டார். ஊத்திக்கா கடற்கரையில் மனிதப் பல்லைப்போல் நூறு மடங்கு பெரிதான கடைவாய்ப்பல் ஒன்றைத் தாம் கண்டதாகவும், அது இராட்சதன் ஒருவனுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் அம்மேதை எழுதியிருக்கிறார். கல்லாகிப்போன யானையினப் பல்லாக அது இருந்திருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் கருத்து. ஒரு சொல் உள்ளத்தில் இடம்பிடித்துவிட்டால், கண் காண்பதும் அதற்கேற்பவே அமைந்துவிடுகிறது.

பழக்கத்தின் பிடி

அப்படியாயின் ஜெரோம் தம் இலத்தீன் வேதாகமத்தில் நெபிலிமை விழுந்தவர் என்று பெயர்த்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவ்வாறு அவர் செய்யவில்லை. ஆய்வு நூலில் உண்மையை விளக்கியவர், மொழிபெயர்ப்பில் 'கிகாந்தெஸ்' என்ற பழைய சொல்லையே விட்டுவைத்தார்.

பழகிய சொல்லின் பிடி எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். யோனாவுக்கு நிழல் கொடுத்த செடி, பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி. ஜெரோம் அதை ஐவிக்கொடி என்று மாற்றினார். வட ஆபிரிக்காவில் ஓயா என்ற நகரின் ஆயர் அதை ஆலயத்தில் வாசிக்கச் செய்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயர் தம் மந்தையையே இழந்துவிடும் நிலை. அகுஸ்தீனார் இதை ஜெரோமுக்குக் கடிதமாக எழுதிக் கவலை தெரிவித்தார். எபிரேயத்தில் உள்ள 'கிகாயோன்' என்பது நம் ஊர் ஆமணக்கு என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஒரு செடிக்காக அவ்வளவு கலவரம்!

ஜெரோம் தடுமாறிய இடங்களும் உண்டு. யோசுவாவின் புத்தகம் 14ஆம் அதிகாரத்தில், எண்பத்தைந்து வயதான காலேப் எபிரோன் மலைநாட்டைத் தனக்குப் பங்காகக் கேட்கிறார். அர்பா என்பவன் ஏனாக்கியருள் மிகப் பெரிய மனிதனாக இருந்தான் என்று அங்கே மூலம் கூறுகிறது. மனிதன் என்பதற்கு எபிரேயச் சொல் 'ஆதாம்'. ஜெரோம் அதை ஆட்பெயராகவே எடுத்துக்கொண்டார். ஆகவே அவருடைய மொழிபெயர்ப்பில், ஏனாக்கியரிடையே மாபெரும் ஆதாம் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார் என்றாயிற்று. யூதரிடையே ஏற்கெனவே வழங்கிய ஒரு மரபும் அதற்குத் துணைநின்றது. பிற்காலத்தில் எபிரோனுக்குச் சென்ற யாத்திரிகர்கள் நம் ஆதித்தந்தையின் கல்லறையை அங்கே தேடலாயினர்.

கோலியாத்தின் உயரத்திலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. ஜெரோம் பின்பற்றிய எபிரேயப் படியில் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறக்குறைய ஒன்பதரை அடி. கிரேக்கப் படியிலோ நான்கு முழமும் ஒரு சாணும், ஆறரை அடிக்குச் சற்று மேல். 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சாமுவேல் ஏட்டுச்சுருளிலும் நான்கு முழம் என்றே உள்ளது. தாவீதின் விசுவாசத்தைப் போற்ற ஆறரை அடி எதிரி போதாதா?

இறந்தோரா, இராட்சதரா?

இதுவரை சொன்னவை சிறுபிள்ளைகளின் ஆவலைத் தீர்க்க உதவலாம். இனிச் சொல்லப்போவது, அன்பானவர்களைக் கல்லறையில் வைத்துவிட்டுக் கண்ணீரோடு வீடு திரும்பிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது.

ரெபாயிம் என்ற சொல், பாதாளத்தில் வலுவிழந்து கிடக்கும் இறந்தோரைக் குறிக்கும் என்றோம். 1855இல் சீதோன் அருகே கண்டெடுக்கப்பட்ட எஷ்முனாசார் அரசனின் கற்பேழையிலும் இச்சொல் இறந்தோர் என்னும் பொருளிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. இந்தச் சான்று ஜெரோமுக்குக் கிட்டவில்லை. அதனால் யோபு ஆகமத்தில் இறந்தோர் நடுங்கும் இடத்தில், அவருடைய இலத்தீனில் இராட்சதர் தண்ணீரின் கீழ் முனகுகின்றனர். 88ஆம் சங்கீதத்தில் துன்புறும் ஒருவர், இறந்தோர் எழுந்து இறைவனைப் புகழ்வார்களோ என்று கதறுகிறார். அதே மெய்யெழுத்துக்களை வேறு உயிரொலியோடு படித்தால் மருத்துவர் என்றாகும். கிரேக்கர் அப்படியே படித்தனர். கிரேக்கத்தை ஒட்டி ஜெரோம் திருத்திய சங்கீதப் புத்தகத்திலும் மருத்துவரே எழுப்புகின்றனர். குருக்கள் தங்கள் கட்டளைச் செபத்தில் நெடுங்காலம் அவ்வாறே சொல்லிவந்தனர். எபிரேயத்திலிருந்து அவர் நேராகப் பெயர்த்த சங்கீதத்திலோ இராட்சதர் எழுகின்றனர். ஒரே சொல், மூன்று முகம்!

இசையாஸ் ஆகமம் 26ஆம் அதிகாரம் 19ஆம் வசனம், பழைய ஏற்பாட்டில் இறந்தோரின் உயிர்ப்பைப் பற்றிய நம்பிக்கை ஒளிவீசும் இடங்களுள் ஒன்று. அதன் முற்பகுதியில் இறந்தோர் உயிர்பெறுவர் என்பதை ஜெரோம் தெளிவாகவே பெயர்த்தார். பிற்பகுதியில் ரெபாயிம் வருகிறது. அதனோடு, விழுதல் என்ற அந்தப் பழைய வினையும் வருகிறது. நெபிலிமோடு ஒலியால் நெருங்கிய அதே வினைதான். இங்கே அது பிரசவத்தைக் குறிப்பதாக அறிஞர் பலர் கொள்கின்றனர். குழந்தை தாயின் வயிற்றிலிருந்து நிலத்தில் விழுவதை எண்ணிப் பாருங்கள். அப்படியானால் இறைவாக்கினர் காட்டும் காட்சி இதுவே: பூமி ஒரு தாயைப்போல், தன்னுள் கிடக்கும் இறந்தோரை மீண்டும் பெற்றெடுக்கும். ஜெரோமின் மொழிபெயர்ப்பிலோ, இராட்சதரின் நாட்டைக் கடவுள் வீழ்த்திப் பாழாக்குகிறார். கருப்பையாகிய பூமி அங்கே போர்க்களமாகிவிட்டது. இரண்டு சொற்கள் இடம் மாறியதால், ஆறுதலின் பாதி மறைந்துபோயிற்று.

அதனால்தான் சொல்லுகிறேன், வாசகர்களே, சொல்லின் பொருளைத் தேடுவது படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. நம் நம்பிக்கையின் உணவு அதில் அடங்கியிருக்கிறது.

முனிவரின் கடைசி ஆண்டுகள்

404இல் பவுலா இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டளவில் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து பெயர்க்கும் பெரும்பணி நிறைவெய்தியது. 410இல் உரோமாபுரி எதிரிகளால் சூறையாடப்பட்டபோது, நேற்றுவரை மாளிகைகளில் வாழ்ந்தவர்கள் அகதிகளாகப் பெத்லகேமின் வாசலில் வந்து நின்றார்கள். எசேக்கியேல் ஆகமத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்த முதியவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்குப் பணிசெய்தார். வேதவாக்கியத்தை எழுதுவதைவிட அதைச் செய்வதே அப்போதைய கடமை என்று கருதினார். 416இல் ஒரு கூட்டம் அவருடைய மடங்களைத் தாக்கித் தீயிட்டது. பார்வை மங்கி, நண்பர்களை ஒவ்வொருவராக இழந்த நிலையிலும் உரை எழுதுவதை அவர் விடவில்லை. 420இல் செப்ரெம்பர் 30ஆம் திகதி, தாம் பணிசெய்த பெத்லகேமிலேயே உயிர்நீத்தார்.

அவருடைய மொழிபெயர்ப்பே பெரும்பகுதியாக அமைந்த வுல்காத்தாவைத் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1546இல் திருச்சபையின் நம்பகமான இலத்தீன் படியாக அறிவித்தது. 1943இல், அவருடைய திருநாளன்றே, பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், மூலமொழிகளுக்குச் சென்று வேதாகமத்தை ஆராயும்படி கத்தோலிக்க அறிஞரை ஊக்குவித்தது. ஜெரோமின் தவறுகளைத் திருத்திய அறிஞர்கள், அவர் காட்டிய வழியிலேயே சென்று அவரைத் திருத்தினார்கள். ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெருமை ஏது?

ஆகவே, உங்கள் பிள்ளை இராட்சதரைப் பற்றிக் கேட்டால் அதட்டாதீர்கள். எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். அங்கே நெபிலிம் என்ற சொல், பயந்துபோன ஒற்றர்களின் வாயிலிருந்தே வருகிறது. தாங்கள் அவர்கள்முன் வெட்டுக்கிளிகள் போல இருந்ததாக அவர்கள் புலம்புகிறார்கள். அந்தப் பேச்சை நம்பிய சனங்கள் நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் அலைந்தார்கள். அதே மனிதரைக் கண்டுவந்த காலேப் அஞ்சவில்லை. முதிர்ந்த வயதில் அவர்களுடைய எபிரோனையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு, முடிந்தால், இசையாஸின் அந்த வசனத்தையும் வாசியுங்கள். குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபியுங்கள். பூமி அவர்களை ஒருநாள் பெற்றெடுக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.